யென்ஸின் ரவைகளுக்குப் புளி போட்ட கதை

கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர்கள் அயலவருக்கு உதவி செய்யப் போகக்கூடாது. போனால் இரண்டு பக்கமும் மானம் கப்பலேறும். நான் இதை எங்கும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. டென்மார்க்கின் இக்காஸ்டுக்கு வெளியே ஒரு காட்டில், வருடத்தின் முதல் மான் வேட்டை நாளன்று, ஒரு வேட்டைச் சங்கமே வெறுங்கையோடு திரும்பியதற்கு நான் ஒருத்திதான் காரணம்.

அது போர் முடிந்த வருடம். இப்போது அப்படிச் சொல்கிறோம். அந்த வசந்தத்தில் அது முடியும் என்றும் தெரியாது, எப்படி முடியும் என்றும் தெரியாது. என் தம்பி குகன் வன்னிக்குள் இருந்தான். மோட்டார்சைக்கிள் திருத்துகிறவன், ஒரு வேலையையும் சிரிக்காமல் செய்யத் தெரியாதவன். பொங்கலுக்குப் பிறகு யாருடைய தொலைபேசியிலோ ஒருமுறை கதைத்தான். "அக்கா, திரும்பவும் இடம் மாறுறம். போய்ச் சேர்ந்தவுடன எடுக்கிறன்" என்றான். பிறகு எடுக்கவில்லை.

நான் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். சட்டைகளுக்கு வலது கையை இடப்பக்கமும் இடது கையை வலப்பக்கமும் வைத்து ஒரு பெட்டி நிறையத் தைத்து அனுப்பிய பிறகு, மேற்பார்வைப் பெண் என்னை வைத்தியரிடம் அனுப்பினார். வைத்தியர் சுகயீன விடுமுறை தந்தார். வேலைக்குப் போகாதே, வீட்டில் இருந்து இளைப்பாறு என்பதுதான் டென்மார்க்கில் கவலைக்கு மருந்து. (எனக்கு அதைவிடப் பெரிய நஞ்சு கிடையாது.)

வீட்டில் கணவர் கணினிக்கு முன்னால் இருந்தார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்பே செய்திப் பக்கத்தைத் திறப்பார். எட்டு வயது மகள் அபி, நாங்கள் தமிழில் எது கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். நான் பித்தளை மினுக்கினேன். குத்துவிளக்கு, செம்பு, கற்பூரத்தட்டு, பூசைமணி, மணியின் நாக்கு. அவை முடிந்ததும் கதவுப்பிடிகள். கதவுப்பிடிகள் பித்தளை அல்ல, பித்தளை நிறம் பூசியவை என்பது நிறம் போன பிறகுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் வேலிக்கு அப்பால் யென்ஸ் தன்னுடைய இயந்திரம் பழுதாகிவிட்டது என்று தலையில் கை வைத்தார்.

யென்ஸ் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். லொறி ஓட்டுகிறவர், தனி ஆள். வேட்டைத் துவக்குக்கு வேண்டிய ரவைகளை, அதாவது தோட்டாக்களைக் கடையில் வாங்கமாட்டார். கார்க் கொட்டகைக்குள் இருந்து தானே செய்வார். (வேட்டைக்காரர் பலர் அங்கே இப்படிச் செய்வதுண்டு, பயந்துவிடாதீர்கள்.) கடை ரவை எல்லோருடைய துவக்குக்கும் பொதுவாகச் செய்தது, தன்னுடைய துவக்குக்கு எது பிடிக்கும் என்று தனக்குத்தான் தெரியும் என்பார். சுட்டு முடிந்த வெற்றுக்கோதுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, அளவு திருத்தி, அடியில் புதிய வெடிப்பொட்டுப் பதித்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே, பாய்ந்து போகும் முனையான சன்னத்தைச் செருகுவார். ஒவ்வொன்றும் மற்றதைப் போலவே இருந்தால்தான் குறி தப்பாதாம். குறி தப்பினால் மான் உடனே சாகாமல் காயத்தோடு ஓடும். அதுதான் அவருக்குப் பெரிய பயம்.

"கோது சுத்தம் செய்யிற மிசின் நிண்டு போச்சு. மான் வேட்டை துவங்கப் போகுது" என்றார். (டேனிஷில்தான் சொன்னார். ஆனால் என் நினைவுக்குள் யென்ஸ் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார், என்ன செய்வது.)

"என்ன உலோகம்?" என்று கேட்டேன்.

"பித்தளை."

ஆஹா! உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றி ஒரு டேனிஷ்காரர் என்னிடம் முறையிடுகிறார். "தாங்கோ இஞ்சாலை" என்று வேலிக்கு மேலால் கோதுகள் நிறைந்த வாளியை வாங்கினேன்.

கணவர் வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? அங்க சனம் செத்துக்கொண்டிருக்கு. நீர் இஞ்ச இருந்து ரவை மினுக்கிறீர்."

"வேற என்னத்தை மினுக்கச் சொல்லுறீங்கள்? வீட்டில இனி ஒண்டும் மிச்சமில்லை."

"உதையெல்லாம் கொண்டு போய்க் குடும்."

அவர் சொன்னது சரி. என் தம்பி எதற்குப் பயந்து பதுங்குகுழிக்குள் கிடந்தானோ அதை நான் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது உறைத்தது. உறைத்தும் விடவில்லை. தேய்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் நெஞ்சு கொஞ்சம் அடங்கியது, அதனால் தேய்த்தேன்.

மினுக்குவதென்றால் சும்மா மினுக்குவதா? பழப்புளியை ஊறவைத்து, உப்பும் சேர்த்து, வெளியே தேய்த்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் உள்ளேயும் குடைந்தேன். கழுவி, விபூதி போட்டுத் துடைத்தேன். கடைசியாக, விளக்குக்குச் செய்கிற மாதிரியே, களிம்பு பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தேங்காயெண்ணெய் பூசினேன். வெளியே மட்டும் பூசினால் அரைகுறை வேலை என்று உள்ளேயும் பூசினேன். (அம்மா என்னை அப்படி வளர்த்திருக்கிறார்.)

யென்ஸ் ஒரு கோதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அது தாலிக்கொடி போல மின்னியது. "இப்பிடி ஒரு வேலையை நான் என்ர வாழ்க்கையில காணேல்லை" என்றார். நான் அடக்கத்தோடு நிலத்தைப் பார்த்தேன். எந்த மருந்து, எவ்வளவு மருந்து என்பதெல்லாம் குளிர்காலத்திலேயே சுட்டுப்பார்த்து முடிவு செய்தது என்பதால், இனிச் சோதிக்க ஒன்றுமில்லை என்று நேராக ரவைகளைச் செய்து பெட்டிக்குள் அடுக்கினார். முதல் நாள் விடியற்காலை நானும் வந்து பார்க்கவேண்டும் என்று அழைத்தார். வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடாத நான், சனிக்கிழமை கொலை பார்க்கச் சம்மதித்தேன்.

கணவர் வரமாட்டேன் என்றார். "செய்தி ஏதும் வந்தால் எடுக்கிறன்" என்று மட்டும் சொன்னார். தொலைபேசியைச் சத்தமில்லாமல் செய்து சட்டைப்பைக்குள், கை படும் இடத்தில் வைத்துக்கொண்டேன்.

வயல் ஓரத்தில், நீண்ட மரக்கால்களில் நிற்கும் ஒரு பலகைக் கூட்டுக்குள் ஏறி இருந்தோம். யென்ஸ் வாயில் விரலை வைத்துக் காட்டினார். கதைக்கக்கூடாது, தும்மக்கூடாது, அசையக்கூடாது. காடு முழுக்க இப்படி ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒவ்வொருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. மாதக்கணக்காக எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தோம்.

வெளிச்சம் வந்ததும் மான் வந்தது. கொம்பு வைத்த ஆண். யென்ஸ் மூன்று வருடமாகப் பார்த்து வைத்த கிழவனாம். பார்லிப் பயிருக்குள் நின்று ஆறுதலாக மேய்ந்தது. யென்ஸ் துவக்கைத் தோளில் வைத்தார், குறி பார்த்தார், விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான். மான் தலையை நிமிர்த்தி, ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது. யென்ஸ் அசையவில்லை. வெடிக்காத ரவை சிலவேளை பிந்தி வெடிக்குமாம், அதனால் துவக்கை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். அவர் காத்திருந்தார். நான் காத்திருந்தேன். மானும் எங்களோடு சேர்ந்து காத்திருந்துவிட்டு, இவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று மறுபடி மேயத் தொடங்கியது. யென்ஸ் மெதுவாக அந்த ரவையை எடுத்துவிட்டு அடுத்ததை ஏற்றினார்.

புஸ்ஸ்.

பிரஷர் குக்கரின் வெயிட்டைத் தூக்கினால் வரும் அதே சத்தம். சன்னம் வெளியே வரவே இல்லை, குழாய்க்குள்ளேயே சிக்கிவிட்டது. கூட்டுக்குள் இலேசாகப் புகை வந்தது, புகையோடு ஒரு மணமும் வந்தது. கடுகும் வெங்காயமும் மட்டும்தான் குறை. மற்றப்படி அது அசல் தாளிதம்.

யென்ஸ் மூக்கைச் சுருக்கினார். "என்ன மணம் இது?" என்று வாயசைத்தார்.

"தேங்காயெண்ணெய்" என்று நானும் வாயசைத்தேன்.

அவர் துவக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி துவக்கைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தை மாதத்திலிருந்து சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. வாயைப் பொத்தினேன், மூக்கால் வந்தது. மான் ஒரு பாய்ச்சலில் பற்றைக்குள் போய், வெள்ளைப் பின்புறத்தை ஒருதரம் காட்டிவிட்டு மறைந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு எங்கேயோ புரண்டு அழுகையாகிவிட்டது. விம்மல் விசும்பல் என்றெல்லாம் சொல்லி மானத்தைக் காப்பாற்ற விரும்பவில்லை. செத்த வீட்டில் பெண்கள் அழுகிற மாதிரி, வாயைத் திறந்து, "என்ர ராசா" என்று குழறினேன். வருடம் முழுவதும் எல்லோரும் காத்திருந்த அந்த அமைதியான விடியலில், என்னுடைய குரல் காட்டின் அந்தக் கரை வரைக்கும் போனது. அந்தப் பக்கத்தில் நான்கு காலில் நின்ற எதுவும் பிறகு நிற்கவில்லை.

யென்ஸ் தன் தொப்பியைக் கழற்றி என் கையில் தந்தார். நான் அதில் மூக்கைத் துடைத்தேன்.

சங்க வீட்டு முற்றத்தில் பாண், வெண்ணெய், கசப்புச் சாராயம் என்று எல்லாம் வைத்திருந்தார்கள். மான் மட்டும் ஒன்றும் இல்லை. வந்த ஒவ்வொருவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அது என்ன சத்தம்? நான் கோப்பைக்குள் தலையை விடப் பார்த்தேன்.

"என்ர துவக்கு வெடிக்கேல்லை" என்றார் யென்ஸ். "அழுதது இவ. இவவின்ர தம்பி சண்டைக்குள்ள நிக்கிறார். ஒரு தகவலும் இல்லை."

தன்னுடைய மான் பக்கத்து ஊருக்கே ஓடிவிட்டது என்று கத்திக்கொண்டு வந்த ஒரு பெரிய மனிதர், மேசையில் இருந்த வெண்ணெயை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். டென்மார்க்கில் துக்கம் விசாரிப்பது அப்படித்தான்.

வீட்டுக் கதவைத் திறந்த கணவரிடம் "ஏதும்?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நடந்ததைச் சொன்னேன். புளி, விபூதி, எண்ணெய் என்று சொல்லச் சொல்ல அவர் முகம் கோணி, எண்ணெய் மணத்தில் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு போய்க் கணினிக்கு முன்னால் இருந்தார். அதற்குப் பிந்திய ஓரிரு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது.

குகனை முகாம்களில் தேடினோம். அங்கிருந்து வெளியே வந்தவர்களிடம் கேட்டோம். கடைசியாகக் கடற்கரைப் பக்கம் கண்டதாக ஒருவர் சொன்னார். அவனில்லை, வேறு ஆள் என்று இன்னொருவர் சொன்னார். இன்றுவரை அவ்வளவுதான்.

யென்ஸ் இப்போதும் வைகாசியில் மான் இறைச்சி கொண்டுவந்து தருவார். "எண்ணெயை நீங்கள் போடுங்கோ, நான் போடேல்லை" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் கணவர் இந்தக் கதையைச் சொல்வார். என்னைவிட நன்றாகச் சொல்வார். "புஸ்ஸ்" வரும்போது மேசையில் இருப்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். போன மாதம் அபி, வேலையிடத்துத் தோழிகள் சிலரைச் சாப்பிடக் கூட்டிவந்து, இதை டேனிஷில் சொன்னாள்.

ஒருத்தி சிரித்து முடித்துவிட்டு, "அதுக்கு உங்கட அம்மா ஏன் அழுதவ?" என்று கேட்டாள்.

கணவர் தட்டைப் பார்த்தார். அபி முந்திக்கொண்டாள். அவளுக்கு எட்டு வயதில் நாங்கள் சொல்லிக் கொடுத்த பதில்தான் அது. "மான் தப்பிப் போட்டுதாம், அதுக்கு அழுதவ!"

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிள்ளைக்காக நாங்கள் சொன்ன அந்தப் பொய்தான் உண்மை என்பது கணவருக்குக்கூடத் தெரியாது. துவக்குக்கு முன்னால் நின்ற ஒரு உயிர், இரண்டு தரம் விசை இழுத்தும் சாகாமல் பாய்ந்து போனதை அன்று நான் என் கண்ணால் கண்டேன். அப்படியென்றால் குகனும் தப்பிவிடுவான் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் அழுதேன்.

"ஓம்" என்றேன் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையிடம். "மான் தப்பினதுக்குத்தான்."

இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். நான் எழுந்து சோறு எடுத்துவரப் போனேன்.