அது நீங்களா?

"பாஸ்வேர்டு தவறு" என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னபோதுகூட, கலைச்செல்வி முகத்தில் பெருமைதான் இருந்தது.

"பாத்தீங்களா சார், என்னையே உள்ள விடமாட்டேங்குது. அத்தனை கெட்டிங்க!"

எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. மிளகு வாங்கும் கொச்சிக் கம்பெனியின் ஆபீசர் ஆர்டர் கொடுக்க இன்று மலையேறி வருகிறார் என்று சங்கமே காத்திருந்தது. இவர் பைக்கில் வந்து இறங்கினார். "கம்பெனியில இருந்துதானுங்களே?" என்று கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் விவசாயிகள் விவரம் இருக்கும் பைலைக் கேட்டார்.

வளப்பூர் நாட்டு மிளகு விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் பொறுப்பு கலைச்செல்வியுடையது. யார் தோட்டத்தில் எத்தனை கொடி, எவ்வளவு காய்ப்பு, அவர்கள் போன் நம்பர் என்று எல்லாமே கிளவுடில் இருந்தது. அந்த விவரம் அடிவாரத்து வியாபாரிகள் கையில் சிக்கினால் போதும், வீடு வீடாகப் போய் ஆளைப் பிரித்துச் சங்கத்தையே கலைத்துவிடுவார்கள். அதனால்தான் அமாவாசைக்கு அமாவாசை அவள் பாஸ்வேர்டை மாற்றுவாள். ஆபீசர் வருகிறாரே என்று நேற்று விசேஷமாக ஒரு தடவை மாற்றினாள். அந்த விசேஷம்தான் இப்போது ஞாபகத்துக்கு வர மறுத்தது.

"பாஸ்வேர்டைச் சொல்லும்மா, நானே அடிச்சுப் பாக்கறேன்" என்றார் வந்தவர்.

"எங்க ஊட்டுக்காரருக்கே சொன்னதில்லீங்க!"

'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்ற இடத்தை அழுத்தினாள். அங்கேயும் அவள் ஏற்பாடு இருந்தது. பாஸ்வேர்டு தன்னிடம், ஓடிபி சங்கத் தலைவர் சென்றாயன் போனுக்கு. ஒரே கையில் இரண்டு சாவியும் இருக்கக் கூடாதாம்.

சென்றாயன் அப்போது சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தார். ஏணி உச்சியில்தான் சிக்னல். கலைச்செல்வி போனில் கூப்பிட்டாள்.

"வந்திருச்சு கண்ணு! கண்ணாடி கீழ சட்டையில இருக்குது. எறங்கி எடுத்துட்டு வாரேன்."

"எறங்காதீங்க தலைவரே, சிக்னல் போயிரும்!"

இறங்கினார். போயிற்று. மறுபடி ஏறி, கண்ணாடி மாட்டி, தோட்டமே கேட்கும்படி அவர் எண்களைக் கத்தி முடிப்பதற்குள் ஓடிபி காலாவதியானது. அடுத்ததில் ஆறை ஒன்பது என்றார். அதற்கடுத்து, பழையதையே மறுபடி படித்தார். 'நாளை முயற்சிக்கவும்' என்று கம்ப்யூட்டர் கதவைச் சாத்திக்கொண்டது.

வந்தவர் எழுந்து ரோட்டை எட்டிப் பார்த்தார். "சீக்கிரம்மா!"

"பொறுங்க சார். என் போன்ல நேத்துத் தெறந்தது அப்படியேதான் இருக்கும்."

இருந்தது! தோட்டங்கள் அத்தனையும் திரையில் வரிசையாக வந்து நின்றன. வந்தவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். 'டவுன்லோடு' மேல் கலைச்செல்வியின் விரல் போகும் நேரம், குறுக்கே ஒரு செய்தி வந்து விழுந்தது:

'உங்கள் கணக்கில் யாரோ பலமுறை நுழைய முயன்றிருக்கிறார்கள். அது நீங்களா?'

காவல் காத்தே பழகிய விரல் அது. யோசிக்கவில்லை. 'இல்லை' என்பதை அழுத்திவிட்டது.

திரை வெள்ளையானது. பாதுகாப்புக்காக எல்லாரையும் வெளியேற்றிவிட்டதாக ஒரு வரி மட்டும் மிஞ்சியது.

"அது நீதானேம்மா!" என்று வந்தவர் அலறினார்.

"நான்தானுங்க. ஆனா யாரோ நுழையப் பாக்கறாங்கன்னு சொன்னா, கை சும்மா இருக்குமுங்களா?"

அவர் விருட்டென்று எழுந்தார். பைக்கை உதைத்துக் கிளப்பி, மலையிறங்கிப் போய்விட்டார்.

சென்றாயன் மிளகுக் கூடையோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்ன கண்ணு, குடுத்தாச்சா?"

"போயிட்டாருங்க. ஊரே நம்பியிருந்த ஆர்டரு, என்னால போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆனா ஒண்ணு தலைவரே, பூட்டு நல்ல பூட்டுங்க."

"நல்ல பூட்டுத்தான் சாமி. நாமளே வெளியதான நிக்கறோம்" என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அப்போது வாசலில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இளங்கோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அக்கா, ஒரு சோடா குடுங்க, கொச்சிக் கம்பெனி ஆபீசரு வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து இப்பத்தான் வந்து சேர்ந்திருக்காரு. ஆமா, அந்த அடிவாரத்து மிளகு வியாபாரி எதுக்கு உங்களைத் திட்டிக்கிட்டே பைக்குல எறங்கிப் போறாரு?"