தோர்த்தக்காவின் பலவண்ணக் கொடிகள்

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்டக் காலத்தில் பாறசாலைப் பக்கம் போலீசையே கை கழுவ வைத்த ஒரே மனுஷி தோர்த்தக்காதான். தோர்த்து என்றால் எங்கள் ஊரில் துண்டு. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வீட்டுக் கொடியில் அழுக்காகத் தொங்கும் துண்டைக்கூட அதட்டுவார்; பெயர் அப்படி வந்ததுதான்.

அந்த வருட ஓணத்தின்போது தங்கை மெர்சியின் கன்னத்தில் பாலுண்ணி வந்தது. வெள்ளை வெள்ளையாய், நடுவில் குழியோடு சின்னப் பருக்கள். பிறகு எனக்குக் கையில், தெருப் பிள்ளைகளுக்குக் கழுத்தில். முந்திரித்தோட்டு எண்ணெய் வைத்துச் சுட்டால் உதிர்ந்துவிடும் என்று அம்மா கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். தோர்த்தக்கா பாய்ந்து வந்தார்.

"எட்டி, கீழ வை! பிள்ளைக்க மூஞ்சி வெந்து போவும். பாலுண்ணி தன்னால போவும்."

"எப்பம் போவும் அக்கா?"

"மாசக்கணக்கா ஆவும். வருசம்கூட ஆவும். கிள்ளப்படாது, சொறியப்படாது. நகத்த வெட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. ஒருத்தருக்க தோர்த்து இன்னொருத்தர் தொடப்படாது. அதாக்கும் வைத்தியம்!"

"கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். போகலேன்னா சுட்டுருவேன்" என்றாள் அம்மா.

துண்டு மாறிப் போகாமலிருக்க, தோர்த்தக்கா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறத்தில் சாயம் முக்கிக் கொடுத்தார். தெரு முழுக்கக் கயிறு கட்டி உலர்த்தினார். ஊர்வலத்துக்கும் கட்சிக் கொடிக்கும் தடை இருந்த நேரம். ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் ஒரு துண்டைப் பிடித்து இழுத்து மலையாளத்தில் அதட்டினார்.

"இது ஏது பார்ட்டியுடெ கொடி?"

"பாலுண்ணிப் பார்ட்டி, சாரே! வீட்டுல பிள்ளைக உண்டா?"

"உண்டு."

"அப்பம் தொட்ட கைய சோப்பு போட்டுக் கழுவும்!"

இன்ஸ்பெக்டர் முழங்கை வரை கழுவினார். தொடாத கான்ஸ்டபிளும் கழுவினார்.

கிறிஸ்மசுக்கு முந்தின நாள் மெர்சியின் பருக்கள் சிவந்து வீங்கின. அம்மா மறுபடியும் கிண்ணத்தை எடுத்துவிட்டாள். மெர்சி அலறினாள். நான் ஓடிப்போய்த் தோர்த்தக்காவை இழுத்து வந்தேன்.

"செவந்தா போகப்போவுதுன்னாக்கும் அர்த்தம்" என்றார் தோர்த்தக்கா. அம்மா கேட்கவில்லை. உடனே அவர் தரையில் உட்கார்ந்து தன் கன்னத்தை நீட்டினார்.

"மொதல்ல எனக்கு வை. நான் பொறுத்தேன்னா பிள்ளைக்கு வை."

அம்மா கிண்ணத்தோடு எழுந்து வெளியே போனாள். எண்ணெயைத் தென்னைமரத்தடியில் கொட்டினாள்.

ஈஸ்டருக்கு முன் கன்னம் சுத்தமானது. தோர்த்தக்கா மெர்சியை வெளிச்சத்தில் நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வடுகூட இல்லை. அந்தக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். யாரையும் திட்டாமல் அவர் எங்கள் வீட்டுப் படியிறங்கியது அன்றைக்கு ஒரு நாள்தான்.