யாரும் பார்க்காத பூஜ்யம்

உடம்புக்கு முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போகிறோம். கணினிக்கு முடியவில்லை என்றால் எங்கே போவது என்று நீங்கள் கவலைப்பட்டிருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. அவர்களுக்கு ஒரு வைத்தியர் கிடைத்திருந்தார். வியாழக்கிழமை தோறும், நகலெடுக்கும் கடைக்கு மேல்மாடியில், காலை ஒன்பது மணியிலிருந்து பார்ப்பார்.

எட்டு மணிக்கே மாடிப்படி நிறைந்துவிடும். படிக்கு ஒருவர், மடிக்கு ஒரு கணினிப் பெட்டி. தையற்கடைக்காரர் தம்முடையதைக் குளிர் தாக்கிவிடாமல் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். பல் மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கும் பெண், தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே நிற்பாள். வக்கீல் குமாஸ்தா பெட்டியின் முதுகில் கைவைத்துச் சூடு பார்த்து, “நேத்துலேருந்து அனத்துது” என்பார். உள்ளே காற்றாடியில் தூசி அடைத்துக்கொண்டால் அப்படித்தான் சத்தம் வரும். ஆனால் தூசி என்று சொன்னால் யார் மாடி ஏறுவார்கள்? அனத்துகிறது என்றால்தான் ஏறுவார்கள்.

வைத்தியர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார். எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. கழுத்துச் சங்கிலியில் சுண்டுவிரல் அளவு ஒரு பென்டிரைவ். அதற்குள்தான் ‘சுத்தவீரன்’ குடியிருந்தான். பெட்டியில் அதைச் செருகியதும் திரையில் ஒரு வாள் சுழலும். எண்கள் ஓடும். கடைசியில் சிவப்பாக ஒரு கணக்கு வந்து நிற்கும்: பிழைகள், ஆயிரத்து நானூறு. கூட்டம் உச்சுக்கொட்டும். ‘அனைத்தையும் நீக்கு’ என்று ஒரு பொத்தான். அமுக்கினால் வாள் மறுபடி சுழலும், கணினி தானே ஒருமுறை அணைந்து எரியும். பிறகு பார்த்தால் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கும். எந்தக் கணினியையும் அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும் என்பது தனிக்கதை. அதற்கு வாள் தேவையில்லை, விரல் போதும்.

இதிலே பெரிய அற்புதம் ஒன்று உண்டு. சுவரில் தொங்கிய திரையில் ஊராரின் கருத்துகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன. ‘என் கணினிக்கு மறுபிறவி.’ ‘ஐந்து நட்சத்திரம் போதாது, ஆறு கேட்கிறேன்.’ ‘இதற்கு முன் நான் வாழ்ந்ததெல்லாம் வாழ்க்கையா?’ மூவாயிரத்துச் சொச்சம் பேர். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்பதில்கூட ஒத்துப்போகாத ஊர் எங்களுடையது. அந்த ஊரில் மூவாயிரம் பேர் ஒரே குரலில் பேசினால் சந்தேகம் வரவேண்டாமா? வரவில்லை. காரணம் இதுதான்: கருத்து எழுதினால்தான் சுத்தவீரன் வாளையே உருவுவான். ஐந்து நட்சத்திரமும் இருபது வார்த்தையும் முதலில். வைத்தியம் பிறகு. இலை போடுவதற்கு முன்பே எல்லோரும் ஏப்பம் விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

இந்த வைத்தியத்தில் ஒரு பெண்ணின் பிழைப்பே போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதே தெருவில் ஓர் அச்சகம். அங்கே பக்கம் வடிவமைப்பவள் ஒருத்தி. பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. புத்தகம், துண்டறிக்கை, பாடநூல், மருந்து அட்டை, எது வந்தாலும் அவள் விரல் படாமல் அச்சுக்குப் போனதில்லை. அதே அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள் அவளுடைய நாத்தனார். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்து ஒரே இடத்தில் வேலையும் பார்ப்பதென்றால் என்ன நடக்கும் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. சண்டை நடக்கும். நடந்தது. காற்புள்ளிக்காக ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் வெளியாள் ஒருவன் அண்ணியை ஒரு சொல் சொல்லிவிட்டால் நாத்தனார் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து நிற்பாள். அந்தப் பேனா மூடும் சத்தத்துக்கு அச்சகமே அடங்கும்.

அண்ணியின் கணினி பழையது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு கொட்டாவி முடியும். முதலாளி அதை மாடிக்குத் தூக்கிப்போய்க் காட்டினார். சுத்தவீரன் ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு பிழைகள் காட்டினான். அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘பயனரின் பழக்கத்தால் ஏற்பட்டவை: 971.’

“யார் இதுல வேலை பாக்கறது?” என்று வைத்தியர் கேட்டிருக்கிறார்.

முதலாளி சொன்னார்.

“சில பேர் கைக்கும் கணினிக்கும் ஒத்துக்காதுங்க. அவங்க தொடத் தொட அது நோயை வாங்கிக்கும். நான் சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கலாம். கை மாறாம வேகம் மாறாது.”

சுத்தவீரனை அந்தக் கணினியிலேயே குடிவைத்து, நாள் முழுக்கக் காவல் காக்கச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு கணினி இன்னும் மந்தமானது. ஒரு பக்கம் திறக்க இரண்டு கொட்டாவி. முதலாளி வாரந்தோறும் மாடியேறினார். வாரந்தோறும் ‘பயனரின் பழக்கம்’ ஏறியது. கடைசியில் புதுக்கணினி ஒன்று வாங்கிவிட்டார். அட்டைப்பெட்டி முத்திரையோடு வந்து இறங்கியது. அடுத்த வாரத் திங்கட்கிழமையிலிருந்து வேறொருவர் வந்து அதில் உட்காருவார் என்றும், அண்ணி பின்கட்டில் தாள் மடிக்கும் வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்குமேல் ஓடிய மின்விசிறியிடம்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அண்ணி, நாற்காலியில் உட்காருமுன் மூன்றுமுறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு துணியை மடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் விரல்களைத் துடைத்தாள். வீட்டில் இரவு சாப்பாட்டில் நாத்தனாரைப் பார்த்து, “என் கையில நிஜமாவே ஏதோ இருக்குமோ?” என்று கேட்டாள். பதினெட்டு வருடம் வேலை பார்த்த விரல்கள், கண்ணுகளா. அவற்றை அவளே சந்தேகப்பட ஒரு பென்டிரைவ் போதுமாக இருந்தது.

“இருக்கு. உப்பு. சாம்பார்ல ரெண்டு தடவை போட்டிருக்கீங்க அண்ணி” என்றாள் நாத்தனார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்று சமையலறையில் பாத்திரங்கள் படாதபாடு பட்டன.

மறுநாள் அவள் முதலாளியிடம் பணிவாக ஓர் ஆலோசனை சொன்னாள். அந்தப் பணிவைப் பார்த்ததுமே முதலாளி உஷாராகியிருக்க வேண்டும். புதுக்கணினியை முத்திரை உடைக்காமல் அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோவோம், யார் கையும் படுமுன் அவரே பிரித்து, அவரே போட்டு, பிழை பூஜ்யம் என்று ஒரு சீட்டு வாங்கிவிடுவோம், நாளைக்கு யார் கையால் நோய் வந்ததென்று பேச்சே வராது என்றாள். முதலாளிக்கு இது மிகவும் பிடித்துப்போனது. தமக்கே தோன்றியதுபோல் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை. மாடி நிரம்பி வழிந்தது. முதலாளி முன்னால், அட்டைப்பெட்டி நடுவில், அண்ணி ஓரத்தில். நாத்தனார் கையில் ஒரு பழைய கோப்பு.

பெட்டியைப் பார்த்ததும் வைத்தியர் முகம் ஒரு கணம் மாறியது. “புதுசுக்கெல்லாம் தேவையில்லைங்க. ஆறு மாசம் போகட்டும்” என்றார்.

அவரை அன்று சிக்கவைத்தது எதிரிகள் இல்லை. பக்தர்கள்தான். தையற்கடைக்காரர் எழுந்தார். தாம் ஒன்றரை வருடமாக வருவதாகவும் ஒருதடவைகூடப் பூஜ்யத்தைக் கண்ணால் கண்டதில்லை என்றும் உருகிச் சொன்னார். பல் மருத்துவமனைப் பெண்ணும் பார்த்ததில்லை. குமாஸ்தாவும் பார்த்ததில்லை. அப்போதுதான் தெரிந்தது, அந்த மாடியில் ஒருவருமே பூஜ்யத்தைப் பார்த்ததில்லை.

“காட்டுங்கய்யா. பூஜ்யம் எப்படி இருக்கும்னு ஒருதடவை பாத்துட்டுப் போறோம்” என்றது கூட்டம்.

வைத்தியருக்கு வேறு வழியில்லை. முத்திரையை அவரே உடைத்தார். கம்பிகளை அவரே செருகினார். மொழி, தேதி, பெயர் என்று கணினி கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே விடை தட்டினார். நாத்தனார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணியையும் அப்படியே நிற்கச் சொன்னாள்.

பென்டிரைவைச் செருகியதும் சுத்தவீரன் வழக்கம்போல் வாசலில் கைநீட்டினான்: முதலில் கருத்து. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லச் சொல்ல, வைத்தியர் தட்டினார். ‘சுத்தவீரன் வந்தபிறகு என் கணினி பறக்கிறது. முன்பு இருந்த தொல்லை எதுவும் இப்போது இல்லை…’

“இன்னும் அது எழுந்து உக்காரவே இல்ல. அதுக்குள்ள பறந்துடுச்சா?” என்றாள் நாத்தனார்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

வாள் சுழன்றது. எண்கள் ஓடின. கூட்டம் கழுத்தை நீட்டியது. சிவப்பு எழுத்து வந்து நின்றது. பிழைகள்: 2,316. பயனரின் பழக்கத்தால் ஏற்பட்டவை: 1,902.

உச்சுக்கொட்டப் பழகிய வாய்கள் பாதியிலேயே நின்றுபோயின.

வைத்தியர் அசரவில்லை. வழியில் வண்டி குலுங்கியிருக்கும் என்றார். தொழிற்சாலையில் யார் தொட்டார்களோ என்றார். நீக்கிவிடலாம் என்று பொத்தானை அமுக்கினார். வாள் சுழன்று, கணினி அணைந்து எரிந்தது.

“இப்ப எல்லாம் போயிடுச்சா?” என்று நாத்தனார் கேட்டாள்.

“போயிடுச்சு.”

“யாரும் தொடாம இன்னொருதடவை ஓட்டுங்க.”

ஓட்டினார். பிழைகள்: 2,290.

நாத்தனார் கோப்பைத் திறந்து, பழுப்பேறிய ஒற்றைத் தாளை எடுத்தாள். “எங்க அச்சகத்துல மெய்ப்புப் பாக்க யார் வந்தாலும் முதல்ல இந்தப் பக்கத்தைக் குடுப்போம். நாலு பேரு பதினோரு தடவை படிச்சுத் துடைச்ச பக்கம். இதுல ஒரு பிழைகூடக் கிடையாது. அதை மட்டும் சொல்ல மாட்டோம். ஒண்ணும் இல்லைன்னு திருப்பிக் குடுக்கறவங்களுக்கு வேலை. சிவப்பா அடிச்சுக் கொண்டுவர்றவங்களுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பிடுவோம். அவங்க பிழையைத் தேடலை. அவங்களைக் கெட்டிக்காரங்கன்னு நாம நினைக்கணும், அதைத்தான் தேடறாங்க.”

முதலாளி கூரையைப் பார்த்தார். அவர் இளைஞராக இருந்தபோது இதே பக்கத்தில் ஏழு பிழை கண்டுபிடித்தவர். அச்சகம் அவருடைய அப்பாவுடையது என்பதால் காப்பியோடு போகாமல் தங்கிவிட்டார்.

“இந்தப் பெட்டியும் பிழையில்லாத பக்கம்தான். உங்க வீரன் ரெண்டாயிரத்து முந்நூறு அடிச்சிருக்கான்” என்றாள் நாத்தனார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள். “சரி, நீங்க சொல்ற மாதிரியே வச்சுக்குவோம். பயனரோட பழக்கத்தால ஆயிரத்துத் தொள்ளாயிரம். இந்தக் கணினியை உலகத்துல தொட்டிருக்கற பயனர் நீங்க ஒருத்தர்தான். பதினெட்டு வருஷம் வேலை பாத்த எங்க அண்ணிக்கு முதல்தடவை காட்டினது தொள்ளாயிரத்துச் சொச்சம். அரைமணி நேரத்துல உங்களுக்கு ரெண்டு பங்கு. அப்ப யார் கை மோசம்?”

வைத்தியர் தம் கையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். பென்டிரைவைப் பிடுங்கிச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு, வேறோர் ஊரில் அவசர நோயாளி என்று எழுந்தார். வெள்ளைக் கோட்டின் நுனி நாற்காலிக் கைப்பிடியில் மாட்டிக் கிழிந்தது. அவர் படியிறங்கும்போதும் சுவர்த் திரையில் கருத்துகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. ‘இதற்கு முன் நான் வாழ்ந்ததெல்லாம் வாழ்க்கையா?’

கூட்டம் விழித்துக்கொண்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் வக்கீல் குமாஸ்தா, “அப்ப என் டோக்கன் என்ன ஆகும்?” என்று கேட்டுக்கொண்டு சாயங்காலம் வரை படியில் உட்கார்ந்திருந்தார்.

அச்சகத்துக்குத் திரும்பியதும் நாத்தனார் முதல் வேலையாக அண்ணியின் பழைய கணினியிலிருந்து சுத்தவீரனை நீக்கச் சொன்னாள். அண்ணி நீக்கினாள். பெட்டியைத் திறந்து காற்றாடியில் இருந்த தூசியை ஊதினாள். ஒரு கைப்பிடி வந்தது. மறுபடி போட்டபோது, கொட்டாவி விட வாயைத் திறந்த நாத்தனார் பாதியிலேயே மூடவேண்டியதாயிற்று. நாள் முழுக்கக் காவல் காத்தவன்தான் நாள் முழுக்கக் கணினியின் முதுகில் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

முதலாளி வந்து, புதுக்கணினியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். இந்தமுறை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அண்ணி தன் மேசையைக் காட்டினாள். விசைப்பலகைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த துணியை எடுத்தாள், அதைக்கொண்டு திரையைத் துடைத்தாள், குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு கை கழுவாமலே உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள்.

கணினி மந்தமாக ஓடினால் பயப்படாதீர்கள், கண்ணுகளா. அணைத்துப் போட்டுப் பாருங்கள், தூசியை ஊதுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். தலைக்குள் இருக்கும் கணினிக்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம். அதை ஒருதடவை போட்டாலே போதும். நம்மில் பலர் அதை இன்னும் அட்டைப்பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை.