ஃபரோ தீவில் வெள்ளரிக்காய் என்ன விலை?

இனி ஒரு நாள்கூட இந்த லண்டனில் இருக்கமாட்டேன் என்று அருள்நேசன் சபதம் செய்வது வழக்கமாகத் திங்கட்கிழமைகளில். இந்தத் தடவை சனிக்கிழமையே செய்துவிட்டார். கவுன்சிலில் இருந்து கடிதம் வந்திருந்தது. நோர்பரியில், அவருடைய வீட்டு வாசலில், அவருடைய காரை நிறுத்துவதற்கான கட்டணத்தைக் கூட்டியிருந்தார்கள்.

"கொள்ளைக்காரர்! வீடு என்ரை. கார் என்ரை. வரி கட்டுறதும் நான். பிறகு நிப்பாட்டுறதுக்கும் நானே குடுக்கவேணுமோ? மூச்சு விடுறதுக்கு எப்ப பெர்மிட் எடுக்கச் சொல்லப்போறாங்கள்? இது மனிசர் இருக்கிற ஊரே?"

கிளறிற்றா அப்போதுதான் இரவு ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி, இருத்தி, கிடத்துகிற வேலை. கதிரையில் இருந்து முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தாள். கணவருடைய இந்தப் பேச்சுக்கு அவள் வழக்கமாகச் சொல்வது "ஓம்" என்ற ஒரு சொல். அன்று வேறு சொல் சொன்னாள்.

"அப்ப போவம்."

"எங்கை?"

"ஃபரோ தீவுக்கு. எனக்கு அங்கை ஒரு முதியோர் இல்லத்திலை வேலை கிடைச்சிருக்கு. பகல் வேலை."

அருள்நேசனின் கை, மேசையில் தட்டுவதற்காக உயர்ந்தது, அப்படியே நின்றது. 

"அது எங்கை கிடக்கு?"

"ஸ்கொட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவிலை. டென்மார்க்கின்ரை தீவு. எங்களட்டை இன்னும் டெனிஷ் பாஸ்போட் தானே. விசா தேவையில்லை. பாசையும் சமாளிப்பம். டென்மார்க்கிலை உங்களட்டைப் படிச்ச கிறிஸ்துராஜாவும் அங்கைதானே."

"அங்கை மனிசரை விட ஆடு கூடவாம்!"

"நல்லது. ஆட்டுக்குப் பெர்மிட் கேக்கமாட்டினம்."

அதன்பிறகு நடந்ததை நோர்பரி கவுன்சிலர்கள் கேட்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள். லண்டனுக்காக இப்படி வாதாட ஒரு மனிதன் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. பஸ் உண்டு, ரெயில் உண்டு, ஆஸ்பத்திரி இலவசம், ஒரு எட்டு நடந்தால் கத்தரிக்காய் வாங்கலாம், மாதம் ஒருமுறை தமிழில் பூசை. காலையில் கொள்ளைக்காரர் நகரமாக இருந்தது, பத்து நிமிடத்தில் பரலோகமாகிவிட்டது.

"இப்பதானே இது மனிசர் இருக்கிற ஊரே எண்டு கேட்டியள்?"

"ஏசுறன்தான். ஏசுவன். இருக்கிறவனுக்குத்தான் ஏச உரிமை!"

கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே போய் காருக்குள் ஏறி இருந்தார். அந்தக் குடும்பத்தில் அவருடைய சொல் எடுபடுகிற ஒரே இடம் அதுதான். ரேடியோ மட்டும் சிலநேரம் எதிர்த்துப் பேசும்.

ஏன் இவ்வளவு கோபம் என்று தன்னையே கேட்டார். இந்த ஊரை அவருக்குப் பிடிக்காது. அது உண்மை. குருநகரில் இருந்து டென்மார்க் போனபோது இளந்தாரி. பனி விளையாட்டாக இருந்தது. மகள் பிறேமினி ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு மாறியபோது தலையில் மயிர் இருந்தது. பிறேமினி படித்து, மணம் முடித்து, மான்செஸ்டர் போய்விட்டாள். இப்போது இன்னொரு ஊர். புதுக் கடை, புதுக் கோயில், புதுக் குளிர். மறுபடியும் எல்லாவற்றுக்கும் யாரிடமாவது வழி கேட்கவேண்டும். அதோடு, பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது லண்டனைப் பற்றி அவர் குமுறுவதைக் கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது. அங்கே யார் கேட்பது? ஆடா?

நேரே "ஏலாது" என்று சொல்லிப் பயனில்லை. சமையலறைச் சுவருக்கு மஞ்சள் பூசக்கூடாது என்று சொன்னார். அது இன்றுவரை மஞ்சள். கிளறிற்றாவை மடக்க ஒரே வழி செலவு. ஐந்து பென்ஸ் குறைய என்றால் வெங்காயத்துக்குத் தோர்ன்டன் ஹீத் வரை நடக்கிறவள். வெற்றி நிச்சயம். காருக்குள் இருந்தபடியே போன் எடுத்தார்.

"கிறிஸ்துராஜா, உனக்கு டெனிஷ் சொல்லித் தந்தது ஆர்?"

"நீங்கள்தான் அண்ணை."

"வகுப்புக்குப் பிந்தி வரேக்கை எல்லாருக்கும் முன்னாலை ஏசி உன்னை ஆளாக்கினது ஆர்?"

"நீங்கள்தான் அண்ணை. ஒண்டும் மறக்கேல்லை."

"அப்ப கேள். நாளைக்குக் கிளறிற்றா உன்னட்டை அங்கத்தை விலைவாசி கேப்பாள். கொஞ்சம் கூட்டிச் சொல்லவேணும்."

"எவ்வளவு கூட்டி?"

"ஊரிலை இருந்து சொந்தக்காரர் எடுத்துக் கேட்டால் எப்பிடிச் சொல்லுவாய்?"

"ஓ! அந்தளவுக்கோ!"

இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. புலம்பெயர்ந்த ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் அதற்கென்று ஒரு குரல் உண்டு. ஊரிலிருந்து போன் வந்து, பேச்சு மெல்ல மெல்லக் கூரை திருத்துவது, மோட்டார் சைக்கிள் வாங்குவது என்ற பக்கம் திரும்பினால் அந்தக் குரல் வரும். முதலில் ஒரு இருமல். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு, "இஞ்சை என்ன, எல்லாம் விலை…" புது சோபாவில் சாய்ந்துகொண்டுதான் சொல்லுவார்கள். அருள்நேசன் அந்தக் கலையில் வித்துவான். அவர் கதைத்து முடிய, ஊரில் இருக்கிற தங்கை, அண்ணைக்கு நான் ஏதும் அனுப்பட்டோ என்று கேட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கிளறிற்றாவுக்கு முன்னால் வைத்தார். 

"தம்பி கிறிஸ்துராஜா, எப்பிடி இருக்கிறியள்? அங்கை சாமான் எல்லாம் என்ன விலை?"

முதலில் இருமல். அருள்நேசன் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

"என்னத்தைச் சொல்ல அக்கா… எல்லாம் கப்பல்லை வரவேணும். காத்தடிச்சால் கப்பல் இல்லை. ஒரு வெள்ளரிக்காய் வாங்கினால், படம் எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பிப்போட்டுத்தான் வெட்டுறது."

"ஐயோ! தலைமயிர் வெட்ட?"

"ஆர் வெட்டினது? நான் இப்ப ரெண்டு பின்னல் பின்னலாம் அக்கா."

"பச்சை மிளகாய்?"

ஒரு பெருமூச்சு. "அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ. நிர்மலா தாங்கமாட்டாள்." பின்னால் அவனுடைய மனைவி நிர்மலா விம்முவது கேட்டது. இது அருள்நேசன் சொல்லிக்கொடுக்காதது. பயல் தேறிவிட்டான்.

"வீட்டு வாடகை?"

"ஒரு அறைக்குக் குடுக்கிற காசுக்கு நோர்பரியிலை ஒரு சேர்ச் வாங்கலாம்."

அருள்நேசனால் பொறுக்க முடியவில்லை. கடைசி ஆணியைத் தானே அடிக்க ஆசை வந்தது. "டேய், வடிவாச் சொல்லு. ஒராள் உழைச்சு ரெண்டு பேர் சீவிக்கேலுமோ?"

"ஏலவே ஏலாது அண்ணை! ஒராள் தனியா எண்டால் ஏதோ ஓடும். ரெண்டு பேர் எண்டால் பட்டினிதான்."

கிளறிற்றா போனை வைத்தாள். நீளமாக மூச்சு விட்டாள். "நல்லகாலம் கேட்டது."

"நான் சொன்னனான்தானே!"

"ஓம். ஒராள் எண்டால் ஓடும். நான் மட்டும் போறன். நீங்கள் உங்கடை லண்டனிலை சந்தோசமா இருங்கோ."



அடுத்த நாட்களில் அருள்நேசனின் கோபம் போக்கிடம் தெரியாமல் வீடெல்லாம் அலைந்தது. சூட்கேஸை உதைத்தார். சூட்கேஸ் நல்ல சாமான், கால்தான் நொந்தது. நீங்களும் வாருங்கோ என்று அவள் ஒரு வார்த்தை கேட்கட்டும், காதில் விழுகிற மாதிரி மறுக்கலாம் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. வோஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அமத்துவது என்று மட்டும் காட்டினாள். குளிருக்கு உடுப்பு வாங்கக் கடைக்குப் போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

இரவு ஷிப்டில் இருந்து அவள் காலையில் வரும்போது படியில் ஏறும் சத்தம் அவருக்குத் தெரியும். ஒரு கால், நிறுத்தம், மறு கால். அந்தச் சத்தத்தை இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டே கவுன்சிலைத் திட்டியிருக்கிறார். அது இல்லாத காலை எப்படி இருக்கும் என்று யோசித்தபோது தன்மேலேயே கோபம் வந்தது. அதையும் கவுன்சிலின் கணக்கில் எழுதப் பார்த்தார், முடியவில்லை.

போவதற்கு இரண்டு நாள் இருக்கையில் பிறீசரைத் திறந்து பார்த்தார். மனைவி ஊருக்குப் போனால் புருசனுக்குப் பெட்டி பெட்டியாகக் கறி வைத்துவிட்டுப் போவாள். அதுதான் முறை. சண்டை பிடித்துக்கொண்டு போகிறவளும் மீன்குழம்பு வைத்துவிட்டுத்தான் போவாள்.

பிறீசர் வெறுமை. கறியும் இல்லை, ஐஸும் இல்லை. துடைத்து, பிளக்கைக் கழற்றி, கதவிடுக்கில் துவாய் மடித்துச் செருகியிருந்தாள்.

"கிளறிற்றா!" மஞ்சள் சுவர் அதிர்ந்தது. "ஒரு றாத்தல் இறைச்சிக் கறிக்குக்கூட நான் பெறுமதி இல்லாதவனே?"

"விலையெல்லாம் கூடிப்போச்சப்பா. மிச்சம் பிடிக்கவேணும்."

"உமக்கென்ன விசரே! வெள்ளரிக்காய் அந்த விலை இல்லை! வாடகையும் அந்த விலை இல்லை! எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. கிறிஸ்துராஜா பொய் சொன்னவன். ரெண்டு பேரும் சீவிக்கலாம்! நானும் வாறன். கேட்டீரே? நானும் வாறன்!"

கிளறிற்றா நிதானமாக வந்து கதிரையில் இருந்தாள்.

"முப்பது வருசமா உங்களுக்குப் பக்கத்திலை இருந்து அந்தக் குரலைக் கேக்கிறன். முதல் இருமலிலையே தெரியும், அவையள் அங்கை நல்லா இருக்கினம் எண்டு. அண்டைக்குப் பின்னேரமே நிர்மலாவுக்கு எடுத்தனான். விம்மினதில்லையாம். வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவளாம். மேல்மாடி வீடு அவையளின்ரைதான். எங்களுக்கு எண்டு வைச்சிருக்கினம்."

"எங்களுக்கோ?"

"வாருங்கோ எண்டு கேட்டிருந்தால் நீங்கள் செத்தாலும் வந்திருக்கமாட்டியள். நீங்களா வாறன் எண்டு கத்துமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான். டிக்கெட் ரெண்டு எடுத்து எப்பவோ. இந்த வீட்டுக்கும் வாடகைக்கு ஆள் வருது. பிறீசரைப் பிறகென்ன சும்மா கழுவினனானே?"

அருள்நேசன் கத்த நினைத்தார். கத்துவதற்குக் காரணம் தேடினார். கேட்டது கிடைத்துவிட்டது, அதுதான் காரணம், ஆனால் அதைச் சொல்லிக் கத்த ஏலாது. காருக்குள் போய் இருந்து கிறிஸ்துராஜாவுக்குப் போன் எடுத்தார். அவனையாவது நன்றாக ஏசவேண்டும்.

"டேய் துரோகி!"

"அண்ணை, நானே எடுக்க இருந்தனான்," என்றான் கிறிஸ்துராஜா, இருமாமல். "அக்கா கேட்டவ எண்டு உங்களுக்கும் எங்கடை மீன் பக்டரியிலை வேலை எடுத்திருக்கிறன். நான்தான் சூப்பர்வைசர். காலமை ஆறு மணிக்கு நிக்கவேணும். பிந்தினால் எல்லாருக்கும் முன்னாலை ஏசுவன்."