தங்கள் சின்ன டிராக்டர் நலம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் தங்கள் வீட்டில் நலமாக இருக்கிறோம். நெஞ்சில் போட்ட தையல் நன்றாக ஆறிவிட்டதென்று மகள் சொன்னாள். சம்பந்தியம்மா கொடுக்கும் மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடவும். டாக்டர் சொன்ன மூன்று மாத ஓய்வை ஒருநாள்கூடக் குறைக்காமல் தங்கள் மகன் வீட்டிலேயே எடுக்கவும். இங்கே அவசரமாக வந்து பார்க்க வேண்டிய எதுவும் இல்லை. அதாவது, பார்க்காமல் இருப்பதே தங்கள் உடம்புக்கு நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் சின்ன டிராக்டர் நலமாக இருக்கிறது. நான்கு சக்கரங்களும் இருக்கின்றன. போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் கேட்க முடியாது. மேலும், தாங்கள் இப்போதெல்லாம் கேள்வியே கேட்பதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு "ம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை, நிலத்தையும் டிராக்டரையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று ஒருநாள் சொன்னதோடு சரி என்று மகள் சொன்னதிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை.

ஆஸ்பத்திரியில் தங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நான் தங்கள் கையைப் பிடித்து, "தோட்டத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க சம்பந்தி, நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த இடத்தில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் தாங்கள் என் மணிக்கட்டை விடாமல், "கடலைக்குக் களை எடுக்கணும்" என்றீர்கள். நான் முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். களை என்றால் எனக்கு ஒற்றுப்பிழைதான் தெரியும். இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதானே என்று மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் இங்கே வந்துவிட்டோம்.

வந்து பார்த்தால் வயலில் கடலையை விடக் களை செழிப்பாக இருந்தது. ஆள் தேடினேன், எல்லோரும் அவரவர் வயலில் குனிந்திருந்தார்கள். நானே குனிந்தேன், நிமிர்வதற்கு என் மனைவியும் பால்காரரும் தேவைப்பட்டார்கள். அப்போதுதான் கொட்டகையில் தங்கள் டிராக்டர் சாதுவாக நிற்பதைப் பார்த்தேன். பின்னால் ஒரு கலப்பையைத் தவிர வேறு எந்தக் கருவியும் இல்லை. போனில் ஒரு வீடியோவில் ஒரு மனிதர் பழைய இரும்புச் சாமான்களை வைத்தே தன் டிராக்டருக்கு விதவிதமான கருவிகள் செய்து மாட்டுவதைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் செய்து முடித்துக் கையைத் துடைத்துக்கொள்கிறார். நமக்கு ஒரு நாள் ஆகாதா என்று தோன்றியது. சாமான் அறையில் துருப்பிடித்த இரும்புக் கட்டில் ஒன்று இருந்தது. அது தங்கள் கல்யாணத்துக்கு வாங்கியது என்பதை, அது களை எடுக்கும் கருவியாக மாறிய பிறகுதான் சம்பந்தியம்மா போனில் சொன்னார். அவர் அழவில்லை. "போகட்டும் அண்ணே, அதுல படுத்தா ஒரு பக்கம் சாயும்" என்றுதான் சொன்னார்.

கடைத்தெரு முனையில் வெல்டர் ஒருவர் இருக்கிறாரே, கறுப்புக் கண்ணாடியைக் கண்ணைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் மாட்டிக்கொள்பவர், அவரிடம் போனேன். நான்கு பக்கத்திலிருந்தும் படம் வரைந்து, அளவு குறித்து, அடியில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"களை எடுக்கற கருவி."

"கட்டில் மாதிரி இருக்கு."

"இதுவரைக்கும் கட்டில். இனிமே கருவி."

மண்ணைக் கீறும் கொழு ஐந்து. அடுத்தடுத்த கொழுவுக்கு நடுவில் ஓர் அடி, ஏனென்றால் தங்கள் கடலை வரிசைகளுக்கு நடுவிலும் ஓர் அடி. அளவில் நூல் பிசகில்லை. டிராக்டரை முதல் கியரில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். களை இருந்த இடத்தில் களை அப்படியே இருந்தது. கடலை இருந்த இடத்தில் ஐந்து அழகான வாய்க்கால்கள் இருந்தன. வரப்பில் நின்றிருந்த என் மனைவி, "பரவாயில்லைங்க, ஒரு களைக்குக்கூட அடிபடல" என்றாள்.

வெல்டரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஒரே பார்வையில், "அஞ்சு போட்டா நடுவுல இருக்கறது, வண்டிக்கு நட்டநடுவுல வர்ற செடி வரிசை மேலதான சார் ஏறும்? அது ஏறினா மத்த நாலும் ஏறும். ஆறு இருக்கணும்" என்றார்.

"இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கையெழுத்தெல்லாம் போட்டுக் குடுத்தீங்களே, சார். நான் எப்படித் தப்புன்னு சொல்றது?"

ஐந்துக்கு ஆறு. என் வேலைக்காலத்தில் இப்படி ஓர் எண் பிழையை விட்டிருந்தால் மேலாளர் என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். ஐந்தையும் அரை அடி தள்ளி, ஆறாவது கொழுவைப் பற்றவைத்தோம். இப்போது இடம் சரியாகப் போயிற்று, ஆனால் மண்ணுக்குள் இறங்காமல் தலை வாருவதுபோல் மேலாகவே போயிற்று. மேலே பாரம் வேண்டும் என்றார் வெல்டர். வாசலில் சம்பந்தியம்மாவின் சிமெண்டுப் பூந்தொட்டிகள் இரண்டு இருந்தன. ரோஜாவைப் பிடுங்க மனசு வராததால் செடியோடு தூக்கிக் கட்டினோம். இரண்டு நாள் அந்த ரோஜாச் செடிகள் வயல் முழுக்க உலா வந்தன. சொன்னால் நம்பமாட்டீர்கள், களை மொத்தமும் போய்விட்டது. தங்கள் வயலில் முதல் ஐந்து வரிசையைத் தவிர மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்கப் பச்சையாக எழும்பியது. சாலையில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ரோஜாவைப் பார்த்தார்களோ கடலையைப் பார்த்தார்களோ, தெரியாது.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கடலை முற்றிவிட்டது. போன வாரம் ஒரு செடியைப் பிடுங்கினேன், பாதிக் கடலை மண்ணிலேயே தங்கிவிட்டது. இரண்டு கருவிக்குச் சொந்தக்காரன் என்ற தைரியத்தில் கடலை தோண்டும் கருவியும் செய்துவிடலாம் என்று இறங்கினேன். (முதல் கருவியை இரண்டு தடவை செய்ததால் இரண்டு என்று கணக்கு.) இந்தத் தடவை படம் வரையவில்லை; வெல்டரையே அளவெடுக்கச் சொன்னேன். லாரிக்கு அடியில் இருக்கும் வில்பட்டையை நிமிர்த்திச் செடிக்கு அடியில் போகும் கத்தியாக்கி, அதன் பின்னால் மண் உதிர்வதற்குக் கட்டிலில் மிச்சமிருந்த கம்பிகளைச் சீப்புப்போல் பற்றவைத்தார். பிரமாதமான கருவி. ஒரே ஒரு குறை, கனம். நான்கு பேர் சேர்ந்துதான் அதை நகர்த்த முடிந்தது.

முந்தாநாள் காலை. முதல் சால் அருமையாகப் போயிற்று. மேட்டு வீட்டுக்காரம்மாவின் வயலுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் வரப்பு வந்ததும் திரும்புவதற்காகக் கருவியை மேலே தூக்கினேன். கருவி தூக்கப்பட்டதா, டிராக்டர் தூக்கப்பட்டதா என்று தெரியவில்லை, முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழுந்துவிட்டன. வானம் மட்டும் தெரிந்தது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் சுற்றுகிறேன், அந்தப் பக்கம் சுற்றுகிறேன், எந்தப் பக்கம் சுற்றினாலும் வண்டி பாட்டுக்கு நேராகப் போகிறது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று என் மனைவி கத்துகிறாள். நானும் அதைத்தானம்மா செய்ய நினைக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பிரேக் என்று நினைத்து ஒன்றை மிதித்தேன். அது பிரேக் இல்லை. வரப்பைத் தாண்டிவிட்டோம். பதறிப்போய்க் கையில் கிடைத்த கம்பியைக் கீழே தள்ள, கருவி தொப்பென்று இறங்கியது, முன்சக்கரமும் தரைக்கு வந்தது, டிராக்டர் மேட்டு வீட்டுக்காரம்மாவின் வயலில், நூல் பிடித்ததுபோல் நேராக, அவர் கடலையைத் தோண்டிக்கொண்டே போய் அவர் வீட்டுக் கிணற்றுக்குப் பத்தடி முன்னால் தானாக நின்றது.

தாங்களும் அவரும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறதென்றும், அந்த வரப்பில் நிற்கும் எல்லைக்கல் அரை அடி நகர்ந்ததா நகரவில்லையா என்பதுதான் காரணமென்றும் கல்யாணப் பேச்சு நடந்தபோதே எனக்குச் சொல்லியிருந்தீர்கள். அவர் கையில் வாளியோடு வெளியே வந்தார். இருக்கையை விட்டு இறங்காமலே கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஒரு செடியைத் தூக்கி உதறினார். கொத்துக் கொத்தாகக் கடலை, ஒன்றுகூட மண்ணில் தங்கவில்லை. இன்னொன்றைத் தூக்கினார். அதுவும் அப்படியே.

"இப்படிப் பாதியில நிறுத்தினா எப்படி?" என்றார். "மிச்சத்தை யாரு தோண்டறது?"

எனக்கு உயிர் வந்தது. வண்டி முன்பக்கம் தூக்குகிற கதையைச் சொன்னேன். அவர் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மூக்குல பாரம் இல்ல, அதான்" என்றார். பிறகு நேராக வரப்புக்குப் போனார், கடப்பாரையால் நாலு நெம்பு நெம்பினார். "இதைக் கட்டுங்க. நல்ல கனம். பதினோரு வருஷமா சும்மாதான் நிக்குது."

ஆமாம் சம்பந்தி. அந்தக் கல்தான்.

தடுத்திருக்க வேண்டும், எனக்குத் தெரிகிறது. ஆனால் அதற்குள் வெல்டர் சங்கிலியோடு வந்துவிட்டார். கல் இருந்த இடத்தை மறக்காமலிருக்க ஒரு குச்சியை நட்டுவைத்தேன். அடுத்த சாலில் அந்தக் குச்சியையும் தோண்டிவிட்டேன். இரண்டே நாளில் தங்கள் வயலும் முடிந்தது, அவர் வயலும் முடிந்தது. செடிகளைப் புரட்டிக் காயவைக்க என் மனைவியும் மேட்டு வீட்டுக்காரம்மாவும் சேர்ந்தே போனார்கள். நேற்று சாயங்காலம் கை கழுவும்போது அந்தம்மா, "எப்படி இருக்கார் அந்த மனுஷன்?" என்று கேட்டார். பேச்சே இல்லை, நிலத்தை விட்டுவிடலாம் என்கிறார் என்றேன். குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தார். "தினம் காலையில வரப்புல நின்னு என்னை ஒரு முறை முறைப்பார். இப்ப அந்தப் பக்கம் யாரும் இல்லாம எனக்குப் பொழுதே விடிஞ்ச மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டு, நலம் விசாரிக்கவென்று தங்கள் மகன் வீட்டு நம்பரை வாங்கிப் போனார். நானும் கொடுத்தேன். நல்ல எண்ணம்தானே என்று கொடுத்தேன்.

ஆகவே சம்பந்தி, கவலைப்பட ஒன்றுமில்லை. கடலை களத்தில் காய்கிறது. கருவிகளைக் கழற்றி, கல்லை உத்தேசமாக ஓர் இடத்தில் நட்டு, டிராக்டரைக் கழுவிக் கொட்டகையில் விட்டுவிடுகிறேன், இனித் தொடமாட்டேன். கல் விஷயம் தங்களுக்கு மெள்ள மெள்ளத் தெரிவதே நல்லது என்பதால் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. தாங்களும் இதைப் படித்த பிறகு உடனே எழுந்திருக்காமல் அரை மணி நேரம் படுத்திருக்கவும். நிலத்தை விடும் பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். என்னைப்போல் ஒருவன் இத்தனை செய்த பிறகும் விளைந்து கொடுத்த மண் அது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி. தங்கள் நெஞ்சு நாளுக்கு நாள் உறுதிப்பட வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, பிழை பொறுக்கக் கோரும்,

தங்கள் சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் பேசினாள். மேட்டு வீட்டுக்காரம்மா இன்று காலை தங்களைக் கூப்பிட்டாராம். நான் மறைத்ததையெல்லாம் நான்கே வாக்கியத்தில் சொல்லிவிட்டாராம். "கல்லைப் புடுங்கிட்டாளா!" என்று தாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்களாம். "அப்பா, மாமா எழுந்து சட்டையை மாட்டிட்டார்ப்பா, ரெண்டு தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாளைக்குக் காலையில பஸ்ஸாம், கூட அத்தையும் நாங்களும் வரோம். டாக்டரும் பயணம் பண்ணலாம்னுட்டார்" என்று அழுதுகொண்டே சிரிக்கிறாள். நான் ஓடிப்போய், ஆபரேஷன் ஆன மனிதரிடம் இதைச் சொல்லலாமா என்று மேட்டு வீட்டுக்காரம்மாவிடம் சண்டைக்கு நின்றேன். "நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன், 'ம்'ன்னார். சாப்டீங்களான்னு கேட்டேன், அதுக்கும் 'ம்'ன்னார். அப்புறம்தான் கல்லைப் பத்திச் சொன்னேன்" என்றார். ஆகவே மேலே எழுதிய எதுவும் இனி உபயோகமில்லை. தபாலில் போடாமல் நேரில் கையில் கொடுக்கிறேன். வரும்போது அளவு நாடா ஒன்று கொண்டுவரும்படி மகளிடம் சொல்லிவிட்டேன். அந்தம்மா ஏற்கெனவே ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.