லெப்டினன்ட் நாடி பார்த்த கதை

நர்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. உயிர் இருக்கிறதா, போய்விட்டதா என்பதை வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவோம் என்கிற திமிர். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. காரணம், நான் திருச்சியில் பெரியாஸ்பத்திரி கேஷுவால்டியில் வேலை பார்த்தவள். பச்சைமலையிலிருந்து கட்டிலோடு தூக்கிவரும் பாம்புக்கடி, ஆடிப்பெருக்கன்று காவிரியில் முங்கினவர்கள், தென்னையிலிருந்து விழுந்தவர்கள், லாரிக்கு வழிவிடாதவர்கள் என்று எல்லாரும் முதலில் வந்து சேருவது என் கையில்தான். பயிற்சிக்கு வந்த பெண்களை நான் விரட்டிய விரட்டில், எனக்குப் பின்னால் 'எமனோட அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள் (அப்போது பெருமையாகத்தான் இருந்தது).

அப்படிப்பட்ட எமனின் அக்கா தன் சொந்த அப்பா விஷயத்தில் என்ன செய்தாள் என்பதை, என் தம்பி ரங்கன் கல்யாண வீடு, காதுகுத்து வீடு பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்துவிட்டான். அவன் சொல்லும்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அவன் சொல்லாமல் விடுவது கொஞ்சம் இருக்கிறது.

அப்பாவுக்கு வாழைத்தார் மண்டி. ஜீயபுரம் பக்கமிருந்து வரும் தார்களை ஏலம் எடுத்து வடக்கே ரயிலேற்றி அனுப்புவார். வீடு ஸ்ரீரங்கத்தில். என்னை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டதே அவர்தான். தம்பி பிறந்தபோது அம்மாவைப் பிழைக்க வைத்தவள் ஒரு நர்ஸ் என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. "கண்டவனையும் தொடுற வேலைக்கா பொம்பளப் புள்ளைய அனுப்புறே?" என்று பெரியப்பா கேட்டபோது, "உங்களுக்கு ஒடம்புக்கு வந்தா தொட வேணாம்னு சொல்லி வெச்சிடுறேண்ணே" என்றவர் அவர்.

அந்த அப்பாதான் நான் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றதும் பேச்சை நிறுத்தினார்.

சீனச் சண்டைக்குப் பிறகு ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸுகள் வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ஆபீசர் உத்தியோகம், தோளில் நட்சத்திரம். வீட்டில் சொல்லாமல் எழுதிப் போட்டேன். மெட்ராஸில் நேர்காணல். மீசை வைத்த ஒரு பெரியவர், "ரத்தத்தைப் பார்த்தால் பயமா?" என்று கேட்டார். "ரத்தம் வராதவனைப் பார்த்தால்தான் சார் பயம்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே வேலை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்பா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "வடக்க ரயிலேத்துனது எதுவும் திரும்பி வந்ததில்ல. அவகிட்ட சொல்லிடு" என்றார். நான் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாமே அம்மா வழியாகத்தான். "பட்டாளத்துக்காரங்க சாப்பிட்டாச்சான்னு கேளு." "பட்டாளத்துக்காரங்களுக்கு ரசம் ஊத்து." நானும் அவர் பெண்தானே? "ஊத்தியாச்சுன்னு சொல்லும்மா" என்பேன். நடுவில் அம்மா ரசக் கரண்டியுடன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். நான் ரயிலேறிய அன்று அவர் ஸ்டேஷனுக்கு வரவில்லை. மண்டியில் லோடு இருக்கிறதாம். அன்றைக்கு மண்டிக்கு விடுமுறை.

போன இடத்தில் என் கேஷுவால்டிப் பெருமை முதல் நாளே கிழிந்தது. எங்கள் ஊரில் கத்தினால்தான் வேலை நடக்கும். அடிபட்டவனுடன் வந்த பத்துப் பேரை வெளியே தள்ளினால்தான் அடிபட்டவனைப் பார்க்கவே முடியும். அதே பழக்கத்தில் ராணுவ ஆஸ்பத்திரி வார்டில் நுழைந்து, "எல்லாரும் தள்ளுங்க!" என்று தமிழிலேயே ஒரு சத்தம் போட்டேன். தள்ளுவதற்கு அங்கே யாரும் இல்லை. நோயாளிகள் மட்டும் படுத்தபடியே விறைத்துக்கொண்டார்கள். காலில் கட்டுப் போட்ட ஒருவன் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கிக் கட்டிலிலிருந்து விழப் பார்த்தான். மேட்ரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "லெப்டினன்ட், இது சந்தை இல்லை" என்றார். இருந்தாலும் ஒன்றை அங்கே நன்றாகக் கற்றுக்கொண்டேன். தோளில் நட்சத்திரம் இருந்தால், சொல்வது சரியா தப்பா என்று யாரும் கேட்பதில்லை.

முதல் லீவு கிடைத்தது. வரும் நாளை வீட்டுக்கு எழுதிப் போட்டேன். வாரம் தவறாமல் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களுக்கு அம்மா சொல்லத் தம்பி எழுதிய பதில்கள்தான் வந்திருந்தன. எனவே ஒரு திட்டம் போட்டேன். யூனிஃபார்மிலேயே போய் இறங்குவது. வெள்ளை கவுன், தொப்பி, தோளில் நட்சத்திரம். நேராக அப்பா முன்னால் போய் நின்று சல்யூட் அடிப்பது. மனுஷர் வாய் திறந்துதானே ஆகவேண்டும்? திட்டினாலும் சரி. என்னைப் பார்த்துத் திட்டினால் போதும் என்று இருந்தது.

திருச்சி ஜங்ஷனில் இறங்கி ஜட்கா பிடித்தேன். வண்டிக்காரர், "எந்த மடத்துக்குங்க சிஸ்டர்?" என்று கேட்டார். கன்னியாஸ்திரி என்று நினைத்துவிட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டு, "நான் மிலிடரி ஆபீசர்" என்றேன். பாலம் தாண்டும்போது சல்யூட்டை ஒருதரம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பியது. வீட்டு வாசலில் கூட்டம். கீற்றுப் பந்தல். மண்டிக்காரர்கள் எல்லாரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா மனசு மாறிவிட்டார், ஊரைக் கூட்டி வரவேற்பு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன் (ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்). தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்து மெல்லக் கையைக்கூட அசைத்தேன். மேளச் சத்தம் கேட்டது. "மேளமெல்லாம் எதுக்கு?" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

வண்டிக்காரர் குதிரையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, இது சாவு மேளம்ங்க" என்றார்.

அப்பா காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து காபி கேட்டிருக்கிறார். அம்மா ஆற்றிக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். நான் ரயிலில் இருந்ததால் எனக்குச் சொல்ல வழியில்லை. பொண்ணு வந்து முகத்தைப் பார்த்த பிறகு தூக்கலாம் என்று காத்திருந்தார்கள்.

இதையெல்லாம் எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். அப்போது யாராவது சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. வண்டியிலிருந்து குதித்தபோதே நான் மகளாக இல்லை, கேஷுவால்டி நர்ஸாகிவிட்டேன். "தள்ளுங்க, தள்ளுங்க, காத்து வரட்டும்!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன். மாரில் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் வழி விட்டார்கள். முழங்கால் போட்டு உட்கார்ந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

நாடி துடித்தது.

சும்மா துடிப்பில்லை. மெயில் வண்டி மாதிரி ஓடியது. "உயிர் இருக்கு!" என்று கத்தினேன். "யாரு இவரைச் செத்துட்டார்னு சொன்னது? நாடி இருக்கு!"

மேளம் நின்றது. சங்கு ஊதுபவர் சங்கை உதட்டில் வைத்தபடியே நின்றார். பெரியப்பா ஏதோ சொல்ல வந்து, என் தோளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். தலையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். கால் கட்டை அவிழ்த்தேன். நெற்றிக் காசைத் தூக்கி எறிந்தேன். வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன். டாக்டரைக் கூட்டிவர ரங்கனை விரட்டினேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். உடம்பு சில்லென்று இருந்தது. ரத்த ஓட்டம் குறைந்ததால் என்று முடிவு கட்டினேன். கை விறைத்திருந்தது. அதற்கும் ஏதோ ஒரு காரணம் வைத்திருந்தேன், இப்போது நினைவில்லை.

வாசலில் ஒரு மண்டிக்காரர், "நான் அப்பவே சொன்னேன்ல, மொகத்துல களை போகலன்னு?" என்றார். பக்கத்து வீட்டில் காபிக்கு அடுப்பு மூட்டினார்கள். பச்சை மூங்கிலில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப இத என்னங்க பண்றது?" என்று பெரியப்பாவைக் கேட்டார். "ஓரமா வெய்யிப்பா, பாப்போம்" என்றார் பெரியப்பா. பிறகு பெரியப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட இந்த இடத்தை ரங்கன் சொல்லும்போதுதான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவன் சொல்லாதது அம்மாவைப் பற்றி. அவன்தான் டாக்டர் வீட்டுக்கு ஓடிவிட்டானே.

அம்மா அவிழ்ந்த தலையை முடிந்துகொண்டு அப்பா தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அவர் காதருகே குனிந்து, "ஏங்க, சரசு வந்திருக்குங்க. நட்சத்திரமெல்லாம் வெச்சிருக்கு. எங்கிட்ட சொல்லி அனுப்ப வேணாம், நீங்களே அதுகிட்ட பேசுங்க" என்றாள். காபி ஆறிப் போன கதையைச் சொன்னாள். என்னை ரயிலேற்றிவிட வராததற்காகத் திட்டினாள். நானும் கையை விடாமல், "அப்பா, ரயிலேத்துனது திரும்பி வந்திருச்சுப்பா. கண்ணத் தொறந்து பாருங்கப்பா" என்றேன். சொல்லச் சொல்ல நாடி இன்னும் வேகமாகத் துடித்தது. அவர் கேட்கிறார் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அப்பா என்னிடம் பேசத்தான் போகிறார் என்று நான் சத்தியமாக நம்பினேன்.

டாக்டர் ராகவாச்சாரி வந்தார். காலையில் பார்த்து, போய்விட்டார் என்று சொன்னவரும் அவர்தான். சின்ன வயசிலிருந்து எனக்கு மருந்து கொடுத்தவர். அவர் அப்பாவைத் தொடவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரசு, எந்த விரலம்மா அது?"

குனிந்து பார்த்தேன். கட்டை விரல்.

கட்டை விரலுக்கென்று சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. அதை வைத்து அடுத்தவர் நாடியைப் பார்த்தால் நம் நாடிதான் நமக்குக் கேட்கும். மற்ற விரல்களால்தான் பார்க்கவேண்டும். இது பயிற்சியின் முதல் பாடம். இதைத் தப்பாகச் செய்த எத்தனையோ பெண்களை, கேஷுவால்டி நடுவில் நிற்க வைத்து, "கட்டையால அடுப்பெரிக்கலாம், நாடி பார்க்கக் கூடாது" என்று அழவிட்டவள் நான்.

டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். நான் மூன்று விரலை வைத்து மறுபடி பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு கையைப் பார்த்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கையையும் கீழே வைத்தேன். அவளே முடிச்சை அவிழ்த்துத் தலையை விரித்துக்கொண்டாள்.

பெரியப்பா வெளியே போய், "ம், அடிப்பா" என்றார். மேளம் மறுபடி தொடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருந்த பெண்கள், முதலிலிருந்து அழவேண்டியதாயிற்று. இரண்டாம் தரம் அழுவது கஷ்டம். சிலருக்கு வரவில்லை. நான் எறிந்த நெற்றிக் காசைப் பெரியவர்கள் இரண்டு பேர் தவழ்ந்து தேடினார்கள். தூக்கும்போதாவது சல்யூட் அடிக்கலாம் என்று பார்த்தால் தொப்பியைக் காணோம். தொப்பியில்லாமல் சல்யூட் அடிக்கக் கூடாது என்பது பட்டாளத்து விதி. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். கொள்ளிடக் கரைச் சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மாவிடம் கேட்டேன், "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராம்மா?" என்று. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ரொம்ப நேரம் யோசித்தாள். "பட்டாளத்துல சாம்பார் ஊத்துவாங்களான்னு ஒரு நாள் கேட்டாரு. எனக்குத் தெரியலன்னேன்" என்றாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கமே வந்துவிட்டது. யார் போனாலும், "லெப்டினன்ட் வந்து பாக்கட்டும், அப்புறம் தூக்கலாம்" என்பார்கள். நான் மேஜராகி ஓய்வு பெற்ற பிறகும் அவர்களுக்கு லெப்டினன்ட்தான். பெரியப்பா இறந்தபோது அவர் மகன், அத்தனை அழுகையிலும், "அக்கா, வெரலப் பாத்து வையிக்கா" என்றான். பாடை கட்டுபவர்கூட என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மூங்கிலைத் தொடுவார்.

அம்மா மட்டும் அந்தக் கதைக்குச் சிரித்ததே இல்லை. ரங்கன் ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். எனக்காகக் கோபப்படுகிறாள், அல்லது என்மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருஷம் கழித்து அவள் படுக்கையில் விழுந்தபோது, நான்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் மத்தியானம், கஞ்சி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, "சரசு" என்று கூப்பிட்டாள்.

"அன்னிக்கு அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன்டி. ஒன்னாலதான். இல்லாட்டி மனசுலயே கெடந்திருக்கும்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கும் கட்ட வெரல வெச்சே பாரு. என்ன சொல்லணுமோ சொல்லிடு."

அடுத்த வாரம் அம்மா போனாள். எல்லாரும் வாசலில் லெப்டினன்டுக்காகக் காத்திருந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கையை எடுத்தேன். கட்டை விரலை வைத்தேன். நன்றாகத் துடித்தது. நான் பேசி முடிக்கும்வரை துடித்தது.