அய்யாதுரை முகம் பார்த்து வாங்கிய லேப்டாப்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஸ்ரீராம்குமாருக்கு,

சிவகாசியிலிருந்து அத்தான் இராமகிருஷ்ணன் எழுதுவது. உங்கள் அக்கா சொர்ணலட்சுமியும் நானும் சுகம். சென்னையில் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். என் சகலை அய்யாதுரைக்கு லேப்டாப் வாங்கக் கடை கடையாக அலையத் தெம்பு இருந்ததே!

எனக்கு மட்டும், 'நெட்டுல பாத்து வாங்கிக்கோங்க அத்தான்' என்று ஒரு வரி. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் செய்வதில் அவருக்குப் பத்து வருடம் மூத்தவன் நான். பட்டாசு ஆலை முதலாளி சங்கையா தன் பேத்தி போட்டோவை எங்கள் இருவரிடமும் கொடுத்து, புது வெடிக்கு லேபிள் கேட்டிருந்தார். யாருடையது தேறுகிறதோ, அவருக்குச் சீசன் முழுக்க ஆர்டர். என் பழைய கம்ப்யூட்டரில் ஒன்றைத் திறந்தால் இன்னொன்று மூடிக்கொள்ளும். ஆகவே விருதுநகரில் ஒரு கடைக்குப் போனேன்.

ஸ்கிரீனைச் சோதிக்க ஒரு முகம் வேண்டுமே. பென்டிரைவில் அய்யாதுரையின் போட்டோதான் இருந்தது. நம் குடும்பத்தில் மேடுபள்ளம் அதிகமுள்ள முகமும் அதுதான். கடைக்காரர் பாண்டிச்செல்வம், "அண்ணாச்சி, இதுல கலர் உள்ளது உள்ளபடி வரும், பிரிண்டுக்குத் தோது" என்று ஒன்றைக் காட்டினார். அதில் அய்யாதுரை நன்றாக இருந்தார். வேண்டாம் என்றேன். அடுத்ததில் இன்னும் இளமையாகிவிட்டார். மூலையில் கிடந்த ஒன்றில்தான் கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, சாயம் போன மீசை எல்லாம் துலங்கின. "இது கேம் ஆடுறவுக வாங்குறது அண்ணாச்சி, கீபோர்டு பூரா செவப்பா எரியும்." "எரியட்டும், பில்லைப் போடுங்க" என்றேன். ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்கும் என்றார்.

பார்த்தது மாப்பிள்ளை. ஒரு பக்கம் பேத்தி லேபிள், ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் வாட்ஸப். இடையில் இளைப்பாற, அய்யாதுரை முகத்தை இன்னொரு லேபிள்ல ஒட்டி, கண்ணைச் செவப்பாக்கி, மீசைய முறுக்கி, காதுல புகையும் விட்டேன். ஒரு மணி நேரம் சந்தோசமா இருந்தேன், பொய் சொல்லல. அனுப்பும்போது பேத்திக்குப் பதிலா அவரு போயிட்டாரு. அழிக்கிறதுக்குள்ள முதலாளி போன்: "ஏலே ராமகிருஷ்ணா, யார்லே இவன்? பாத்தாலே காதைப் பொத்தத் தோணுது! பேத்தி வேணாம், இவனையே போடு, அம்பதாயிரம் பெட்டி!"

ஆர்டர் எனக்கு, பேரு அவருக்கு. சம்மதம் கேக்கப் போனா மனுசன் கோவப்படணும்ல? லேபிளைப் பிரேம் போட்டு வாசல்ல மாட்டிட்டாரு! உங்க சின்னக்கா சுகிர்தா பெரியக்காவுக்குப் போன் பண்ணி, "எங்க அவுக மொகம் பீகார் வரைக்கும் போகுதாம்க்கா"ங்குது. உங்க பெரியக்கா என்னைப் பாத்து, "நீங்களும் இருக்கீகளே, ஆதார் கார்டுலகூட மூஞ்சி தெளியல"ங்கிறா.

ஆகவே இந்த லேப்டாப்பைத் தலைமுழுகுகிறேன். அந்த ஆர்டரையும் நாளையே திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கும் நீங்களே நேரில் அலைந்து ஒன்று வாங்கித் தரவும்.

சகலை இல்லாத வீட்டில் பெண்ணெடுத்து நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
அத்தான்
இராமகிருஷ்ணன்

பின்குறிப்பு: முதலாளி இப்போதுதான் பேசினார். சரவெடி, ராக்கெட் எல்லாவற்றுக்கும் அதே முகமாம். ஒப்புக்கொண்டேன். லேப்டாப் இதுவே இருக்கட்டும். அய்யாதுரையிடம் சிரிக்காத போட்டோ நாலு வாங்கி அனுப்பவும். பெட்டியைப் பிரிக்கிறவர்கள் முதலில் லேபிளைத்தான் கிழிப்பார்கள் என்பது அவருக்கு இன்னும் தோன்றவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.